'அப்புறம் பார்த்துக்கலாம் மச்சி!' - ஏன் இந்த எஸ்கேப்?

ரிசல்ட் வந்து மூணு மணி நேரம் ஆச்சு. ஹாஸ்டலே அல்லோலகல்லோலப்படுது. மூணாவது மாடியில் ஒரு ரூமில் மட்டும் நம்மாளு ஒருத்தர் நிதானமா துணி துவைச்சு, பீரோவை அடுக்கிக்கிட்டு இருக்கார். போன செமஸ்டர் முழுக்கத் தொடாத பீரோ!

"ரிசல்ட் பார்த்தியாடா?"

"நெட் ஸ்லோ மச்சி... அப்புறம் பார்த்துக்கலாம்!"

நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவர் எழுதின எம்-த்ரீ பேப்பர்தான் நல்லா இல்லை.

இந்த மாதிரி ஆளுக்கு கேம்பஸில் 'சோம்பேறி'ன்னு பேரு. வீட்டில் 'பொறுப்பு இல்லாதவன்'. ரெண்டுமே தப்பு. சோம்பேறி எங்கேயாவது பீரோ அடுக்குவானா பாஸ்? அவர் பயந்துபோய் இருக்கார். அவ்வளவுதான்.

ஆபத்து வந்தால் உடம்பு ஒன்று சண்டைக்குத் தயாராகும், இல்லையென்றால் ஓட்டத்துக்கு. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே இதை எழுதிவிட்டார். அட்ரினலின் சுரக்கும், இதயம் தடதடக்கும், வயிறு கலங்கும். புலி துரத்தினால் இதெல்லாம் சரி. ஆனால், புலிக்கும் பொறியியல் கணிதத்துக்கும் உடம்பு பெரிசா வித்தியாசம் பார்க்கிறதில்லை. ஹெச்.ஓ.டி. ரூம் கதவு, கையெழுத்து வாங்காத லேப் ரெக்கார்டு, அப்பாவின் மிஸ்டு கால்... எல்லாமே புலிதான். காலால் ஓட வழியில்லை. அதனால் வேற ஏதாவது வேலையை இழுத்துப்போட்டுக்கிட்டு ஓடுகிறோம்.

ஓடினதும் ஒரு 'அப்பாடா' வரும் பாருங்க... அதுதான் வில்லன்! உளவியலாளர் மௌரர் 1947-ல் இதை விளக்கினார். தப்பிச்ச உடனே கிடைக்கிற நிம்மதி, மூளைக்குப் பரிசு மாதிரி. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமா ஓடச் சொல்லும். 'பயந்த அளவுக்கு ஒண்ணும் நடக்கலையே'ன்னு தெரிஞ்சுக்க வாய்ப்பே கிடைக்காது. ரெக்கார்டு முடிக்கலைன்னு லேபைக் கட் அடிப்போம். கட் அடிச்சதால அட்டெண்டன்ஸ் 75 சதவிகிதத்துக்குக் கீழே போகும். அதைக் கேட்பாங்கன்னு டிபார்ட்மென்ட் பக்கமே போக மாட்டோம். ஒரே ஒரு ரெக்கார்டு, கடைசியில் டிகிரியையே மறிச்சுக்கிட்டு நிற்கும். 2001-ல் சேர்ந்தவர்களுக்கும் அரியர் எழுத அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல் சிறப்பு வாய்ப்பு கொடுத்ததே... இருபது வருஷமா கணக்கை முடிக்காதவர்கள் இருந்ததால்தானே?

சிரோயிஸ், பிச்சில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2013-ல் எழுதிய கட்டுரை, தள்ளிப்போடுவது நேரப் பிரச்னை இல்லை, மனநிலைப் பிரச்னை என்கிறது. அதனால், டைம்டேபிள் போட்டா எல்லாம் சரியாகிடும்னு நம்பாதீங்க. நாலு கலர் ஸ்கெட்ச்சில் அழகா டைம்டேபிள் போடுறதே ஒரு சூப்பர் எஸ்கேப்!

அதுக்காக விலகிப்போறது எல்லாமே தப்புன்னு அர்த்தம் இல்லை. ரூம்மேட்டோட சண்டை முத்தும்போது 'சாயந்திரம் பேசலாம்'னு கிளம்புறது நல்லதுதான், சாயந்திரம் நிஜமாவே பேசினால். ராகிங் பண்ற சீனியரிடமிருந்து விலகுறதும் புத்திசாலித்தனம். அங்கே செய்யவேண்டியது தைரியப் பயிற்சி இல்லை, புகார்!

சரி, எம்-த்ரீயை என்ன செய்ய? 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறுகிற பீட்டர் என்ற மூணு வயசுப் பையனைப் பற்றி எழுதினார். பையன் பிடிச்சதைச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, கூண்டில் முயலைத் தூரத்தில் வைப்பார்கள். பிறகு கொஞ்சம் கிட்டத்தில். இன்னும் கொஞ்சம் கிட்டத்தில். கடைசியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான்.

நம்மாளும் அதையே செய்யலாம். முதல் நாள், பழைய கொஸ்டின் பேப்பரை எடுத்து மேஜையில் வைக்கட்டும், போதும். மறுநாள் ரெண்டு மார்க் கேள்விகளை மட்டும் பத்து நிமிஷம் படிக்கட்டும். நெஞ்சு படபடக்கும். அப்போ பேப்பரை மூடிட்டு டீ குடிக்கக் கிளம்பினால் பழைய கதைதான். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்தால் படபடப்பு தானாகவே இறங்க ஆரம்பிக்கும். மூளை புதுப் பாடம் கற்றுக்கொள்வது அந்த நிமிஷங்களில்தான். மன உறுதி இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா சேரும். பயமே இல்லாத ஆளா மாற வேண்டியதில்லை.

பரீட்சை ஹாலுக்குள் போனதும் எல்லாம் மறந்துபோகிற கேஸா நீங்க? ராமிரெஸ், பெய்லாக் என்ற ஆய்வாளர்கள் 2011-ல் ஒரு வழி சொன்னார்கள். பரீட்சைக்கு முன்னாடி பத்து நிமிஷம், மனசில் இருக்கிற பயத்தை எல்லாம் பேப்பரில் எழுதிக் கொட்டணும். அப்படி எழுதின, பரீட்சைப் பயம் அதிகமுள்ள மாணவர்கள் நல்ல மார்க் வாங்கினார்கள். இன்னொன்று, உங்களை நீங்களே திட்டிக்காதீங்க. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த பரீட்சைக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. நம்ம வீடுகளில் இதை யார் எடுத்துச் சொல்றது!

ஆனால், வாரக்கணக்கில் ரூமை விட்டு வெளியே வராமல், தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், 'செத்துப்போயிடலாம்'னு ஒருத்தர் பேசினால் அது அரியர் விஷயம் இல்லை. 'டெலி மனாஸ்' உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இந்த மாற்றம் முதலில் கண்ணில் படுவது ரூம்மேட்டுக்குத்தான். அட்வைஸ் வேண்டாம். மெஸ்ஸிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கிட்டுப் போய்க் கதவைத் தட்டுங்க. பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே அந்த நம்பரைப் போட்டுக் கொடுங்க.