மனுவும் ஓலையும்

திங்கட்கிழமை காலை கொக்கிரகுளத்தில் உள்ள திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. மக்கள் குறைதீர்க்கும் நாள். நாலாக மடித்த காகிதத்தோடு வரிசை நீளும். காகிதத்தைப் பிரித்தால் அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. அதன் கீழே பட்டா மாறவில்லை, உதவித்தொகை நின்றுபோனது, வாய்க்காலை மறித்துவிட்டார்கள். கடைசி வரியில் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது.

மனு எழுதுவதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் கற்றுத்தரும் கடிதமும் அதே அச்சுதான்: காய்ச்சலுக்கு விடுப்புக் கடிதம், தெருவிளக்கு வேண்டி ஆணையருக்குக் கடிதம். அதனால்தானோ என்னவோ, உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்று ஒரு பல்கலைக்கழகம் கேட்டால் நம் பிள்ளைகளின் பேனா தானாக மனுவின் பக்கம் சாய்கிறது. ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன், அப்பா கூலி வேலை, அம்மா பீடி சுற்றுகிறார், இடம் கிடைத்தால் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன். அத்தனையும் உண்மைதான். ஆனால் படித்து முடித்த தேர்வுக் குழுவுக்கு அந்தப் பெண்ணிடம் என்னென்ன இல்லை என்பது தெரிந்திருக்கும். அவள் யார் என்பது தெரிந்திருக்காது.

நேற்று வரை இது ஒரு சிக்கலாகவே இருந்ததில்லை. பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் இருந்தாலும், ஆக்ஸ்போர்டு கேட்கிற மாதிரி யாரும் இங்கே கேள்வி கேட்டதில்லை. எல்லாவற்றையும் கட்-ஆஃப் பார்த்துக்கொண்டது. பொறியியலுக்கு கணக்கில் நூறு, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து நூறு, ஆக மொத்தம் 200. அதில் அரை மதிப்பெண் குறைந்தால் எந்தக் கல்லூரி போகும், எந்தப் பாடப்பிரிவு கிடைக்கும் என்று டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணுக்கு முன்னால் நீ யார், என்ன செய்தாய் என்ற கேள்விக்கு வேலையே இல்லை.

அந்த எண்ணின் மேல் தமிழ்நாட்டுக்கு இத்தனை நம்பிக்கை வந்ததற்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு காலத்தில் இங்கே மருத்துவப் படிப்புக்கு நேர்காணல் இருந்தது. 1970இல் உச்ச நீதிமன்றம் வரை போன பெரியகருப்பன் வழக்கில் அந்த நேர்காணலின் லட்சணம் வெளிவந்தது. நேர்காணலுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடம் தாண்டிய பணிகள், உடல் வலு, பொதுத்திறன், நாட்டம் என்று தலைப்புகளெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் தேர்வுக் குழு தலைப்புவாரியாக மதிப்பெண் போடாமல் மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டிருந்தது. பத்து ஆண்டு கழித்து ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு வந்தது. இரண்டு மூன்று நிமிடம் அப்பா என்ன செய்கிறார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு மதிப்பெண் போட்டதாகப் புகார். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டில் 1984இல் நுழைவுத்தேர்வு வந்தது; 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் எடுத்துவிட்டது. 'ஆளைப் பார்த்து' இடம் கொடுக்கிற முறையால் அடிபட்ட சமூகம் கட்-ஆஃபைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. சிபாரிசுக் கடிதம் கட்-ஆஃபின் முன்னால் பல்லிளித்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், தன்னைப் பற்றி எழுது என்ற கேள்வி பிறந்த அமெரிக்காவிலும் அதன் பிறப்பு அவ்வளவு சுத்தமானதில்லை. 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவைத் தாண்டியபோது, அவர்களைக் குறைக்க வழி தேடினார் அதன் தலைவர் லாரன்ஸ் லோவெல். வெறும் மதிப்பெண் போதாது, 'குணநலன்' பார்க்க வேண்டும் என்று விண்ணப்பம் மாறியது. ஜெரோம் காரபெல் 2005இல் எழுதிய ஆய்வு நூல் இதை விரிவாகச் சொல்கிறது. அதே கட்டுரை நூறு ஆண்டில் எதிர்த்திசைக்கும் திரும்பியது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடை செய்தபோது, தன் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் படிக்கத் தடையில்லை என்றும் சொன்னது. கதவை அடைக்கச் செய்த பூட்டே சிலருக்குச் சாவியாகிவிட்டது.

இப்போது அந்தக் கேள்வி தாமிரபரணிக் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் தேர்வோடு நேர்காணலும் உண்டு. சோனிபட் அசோகா பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கட்டுரை எழுத வேண்டும். அத்தனை தூரம் போவானேன்? அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிய வேண்டுமென்றாலும் நேர்காணலில் வாய் திறந்துதான் ஆக வேண்டும். 2022ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதி நுழைவுத்தேர்வு வழியே வருவோருக்கு நேர்காணலுக்கென்று 30 சதவீதம் வைத்திருக்கிறது. வெளிநாடு என்றால் சொல்லவே வேண்டாம். பிரிட்டனின் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யுகாஸின் விண்ணப்பம் 2026 சேர்க்கை முதல் மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்கிறது: ஏன் இந்தப் படிப்பு, படித்த பாடங்கள் இதற்கு எப்படித் தயார்செய்தன, வகுப்பறைக்கு வெளியே என்ன செய்தாய், அது எப்படிப் பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் நம் பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். பியானோ வகுப்பு, விவாத மன்றம், கோடைக்காலப் பயிற்சி எதுவும் இல்லை. "வீட்டு வேலதான் செய்தேன், அதுல எழுதுததுக்கு என்ன சார் இருக்கு?"

நிறைய இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை குறிப்பிடலாம். அந்தப் பட்டியலின் வகைகளில் சம்பள வேலை ஒன்று, குடும்பப் பொறுப்பு இன்னொன்று. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து. முக்கூடல் பக்கத்துப் பெண் ஒருத்தி அதை நிரப்ப உட்கார்வதாக வைத்துக்கொள்வோம். அம்மா பீடி சுற்றுகிறார். பீடி வேலையில் சிறுவர்களை ஈடுபடுத்துவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. மகள் சுற்றவில்லை, கணக்குப் பார்க்கிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று கடையில் அளந்து கொடுப்பார்கள். இலை சொத்தையாக இருந்தால் எண்ணிக்கை குறையும், குறைந்தது அம்மாவின் கூலியில் விழும். எந்த வாரம் எவ்வளவு இலை வீணானது, கடையில் எத்தனை கழித்தார்கள் என்று மூன்று வருடமாக ஒரு நோட்டில் எழுதி வைத்து, கடைக்காரரிடம் போய் அதைக் காட்டிப் பேசுகிறாள். பொருளியல் படிக்க விரும்பும் ஒருத்திக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? அவளோ விண்ணப்பத்தில் எழுதப்போவது 'என் தாய் பீடித் தொழிலாளி' என்ற ஒற்றை வரி. அந்த நோட்டைப் பற்றி ஒரு சொல் வராது.

சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையனுக்குப் பிசான நெல் பருவத்தில் இராத்திரித் தண்ணீர் முறை வரும். டார்ச் லைட்டோடு வரப்பில் உட்கார்ந்து, பக்கத்து வயல்காரர் மடையைத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சண்டை வராமல் பேசவும் வேண்டும். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் கொண்ட இந்த ஆற்றுப்பாசனத்தில், தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள பகையை அவன் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சட்டத்துக்கோ சிவில் பொறியியலுக்கோ விண்ணப்பிக்கிற நகரத்துப் பிள்ளைகள் இந்த அனுபவத்தைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

இன்னொன்று சொல்லலாம். 2011 முதல் ஜனவரி மாதங்களில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தினர் ஒருங்கிணைக்க, கல்லூரி மாணவர்கள் விடியற்காலையில் கரைகளில் நிற்பார்கள். கலந்துகொண்ட ஒருவர் வழக்கமாக எழுதுவது, 'பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்றுச் சான்றிதழ் பெற்றேன்.' சான்றிதழை யார் கேட்டது? நாமக்கோழிக் கூட்டம் தண்ணீரில் கறுப்பாகப் பரந்து கிடக்கும்போது பத்துப் பத்தாகக் கண்ணாலேயே கூறுபோட்டு எண்ணியது, பக்கத்தில் நின்றவர் சொன்ன எண்ணோடு இருநூறு வித்தியாசம் வந்து மறுபடி எண்ணியது, தன் எண்தான் தப்பு என்று தெரிந்தது. விலங்கியல் பேராசிரியர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்வது அந்த இடத்தில்தான்.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இது எழுதும்போது ஏன் வருவதில்லை? கூச்சம். நம்மை நாமே சொல்லிக்கொள்வது தற்பெருமை என்று வளர்த்துவிட்டார்கள். திருநெல்வேலியில் பெருமை பேசுகிறவனைக் கிண்டலடித்தே ஒரு வழி பண்ணிவிடுவார்கள். அதற்கு இந்த ஊரின் நாக்கே போதும். ஆனால் இந்தக் கூச்சத்துக்குப் பழந்தமிழ் ஒரு விதிவிலக்கைத் தந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், எவ்வளவு பெரிய நூல் செய்தவரானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் கறாராகச் சொல்கிறது. உடனே அடுத்தாற்போல் நான்கு இடங்களில் புகழலாம் என்கிறது. அரசவைக்கு ஓலை அனுப்பும்போது. தன் ஆற்றலை அறியாதவர்களிடத்தில். அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில். எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது.

முதல் மூன்றையும் மறுபடி படித்துப் பார்க்கலாம். விண்ணப்பம், முன்பின் அறியாத தேர்வுக் குழு, நேர்காணல். எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய இலக்கண ஆசிரியர் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகருக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மனுவுக்கும் ஓலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே கடிதத்தில் பார்க்க வேண்டுமென்றால் 1913 ஜனவரி 16ஆம் தேதி சென்னைத் துறைமுகக் கழக எழுத்தர் ஒருவர் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியதைப் பார்க்கலாம். எழுதியவர் ராமானுஜன். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தவர், பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். சொல்லி அழுவதற்கு வேண்டிய மட்டும் இருந்தது. அவர் தொடங்கியது இப்படி: ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்கிறேன். இதற்குச் சில வரிகள்தான். பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். ஏழ்மை என்ற பேச்சு கடைசியில் போகிற போக்கில் ஒரு முறை வருகிறது. அதுவும், இவற்றில் மதிப்பிருப்பதாகத் தோன்றினால் அச்சிட உதவ வேண்டும் என்று கேட்பதற்காக. முன்பு கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு அனுப்பியும் பலன் இருக்கவில்லை. இந்த முறை கடிதம் போய்ச் சேர்ந்த கணித அறிஞர் ஜி.எச்.ஹார்டி படித்தார், சக கணித அறிஞர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு இரவு வரை அந்தத் தேற்றங்களோடு உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. 2007இல் யுகாஸ் ஐம்பதாயிரம் விண்ணப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியை வைத்துச் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை விழுந்ததாக 234 பேர் எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பைஜாமா! இணையத்தில் கிடந்த மாதிரிக் கட்டுரையின் கைங்கரியம். இன்று அந்த வேலையைச் சாட்ஜிபிடி இன்னும் வழுவழுப்பாகச் செய்து கொடுக்கிறது. நெல்லையில் இருந்தும் நெதர்லாந்தில் இருந்தும் ஒரே மாதிரியான 'தலைமைப் பண்பு' கிளம்பி வருகிறது.

துயரத்தை விற்பது இதற்குத் தம்பி முறை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரையை மீறியது; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த வெள்ளத்தைத் தொடாத கட்டுரை இந்தப் பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஆனால் வீட்டுக்குள் எத்தனை அடித் தண்ணீர் என்பது வருவாய்த்துறைக்கு வேண்டிய கணக்கு. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் எண்ணூறு பேர் தவித்தபோது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்களே, அந்த வீடுகளில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். கையிருப்பு அரிசி எவ்வளவு, எத்தனை பேருக்குக் காணும், முதலில் யாருக்குப் போட வேண்டும் என்று அன்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளையின் கை இருந்திருந்தால், எழுத வேண்டியது அதைத்தான்.

பிரிட்டன் படிப்புகள் பெரும்பாலானவற்றுக்குக் கெடு ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி வருகிறது. குளங்களில் பறவை எண்ணுவதும் அந்த மாதம்தான். வயலில் பிசானம் நிற்கும், இராத்திரித் தண்ணீர் முறையும் இருக்கும். மூன்றாவது கேள்விக்குக் குறைந்தது 350 எழுத்தாவது எழுத வேண்டும் என்கிறது யுகாஸ். வரப்பிலிருந்து விடியற்காலையில் வீடு திரும்புகிற பையன் காலைக் கழுவிவிட்டு, அதை அந்த ஈரத்தோடு எழுத உட்காரலாம்.