உங்களுக்குத் தெரியுமா? தள்ளினாலும் கிளம்பாத வேன்

பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் பழைய ஆட்டோமேட்டிக் கேம்பர் வேன் புதைந்துவிட்டதா? ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சும்மா சுழலச் சுழல கியர் ஆயில் கடுமையாகச் சூடேறும். சிவப்பு ஆயில் கருத்து, தீய்ந்த வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் கருகத் தொடங்கிவிட்டன.

இன்ஜின் நின்றுபோனால், குப்பமே கூடித் தள்ளினாலும் அது உயிர்பெறாது. நியூட்ரலில் போட்டு டிராக்டரில் கட்டிப் பொன்னேரிவரை இழுப்பது அதைவிட ஆபத்து! பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில் ஆயில் பம்பைச் சுற்றுவது இன்ஜின்தான். அது நின்றிருக்க, சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளிருக்கும் பாகங்கள் ஆயிலின்றி உராய்ந்து தேயும். இன்ஜின் விசை போகும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி இழுங்கள். லாரியில் ஏற்றிவிட்டால் இன்னும் நல்லது.

ஏரித் தண்ணீரில் இறங்கிய வண்டியா? ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.