பிராய்டின் மேஜையில் ஒரு பெருமாள்

ஆழ்மனத்தின் ஆட்கள் – 9

போன வாரம் வியன்னாவில், உளப்பகுப்பாய்வின் தந்தை பிராய்டின் மேஜைக்கு முன்னால் உங்களை நிறுத்தியிருந்தேன். எகிப்து, கிரேக்கம், சீனம் என்று குட்டிக் குட்டிச் சிலைகள் நெருக்கியடித்து நிற்கும் மேஜை. அந்தக் கூட்டத்துக்குள் நம் ஊர் ஆசாமி ஒருவரும் உண்டு. அனந்தன் படமெடுத்துக் குடை பிடிக்க, தந்தத்தில் செய்த விஷ்ணு. திருவாங்கூரில் இருந்த ஒரு பழைய கற்சிலையைப் பார்த்துச் செய்தது. 1931ல் பிராய்டின் 75ஆவது பிறந்தநாள் பரிசாகக் கல்கத்தாவிலிருந்து போனது. அனுப்பியது இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம். அதன் தலைவர் கிரீந்திரசேகர் போஸ்.

போஸ் அடிப்படையில் டாக்டர். 1910ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தவர். இளவயதிலேயே மாயவித்தையிலும் ஹிப்னாடிசத்திலும் பித்து. பிராய்டின் எழுத்து ஆங்கிலத்தில் அரைகுறையாகக் கிடைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே மனக்கோளாறு என்று வந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முப்பது வயதில் மறுபடி மாணவர். கல்கத்தா பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய உளவியல் துறையில் சேர்ந்து 1917ல் எம்.எஸ்சி. வாங்கினார், கையோடு அங்கேயே பாடம் நடத்தவும் ஆரம்பித்தார். 1921ல் டி.எஸ்சி. ஆசைகளை மனம் எப்படி அமுக்கி வைக்கிறது என்பதுதான் ஆய்வு. அதைப் புத்தகமாகப் போட்டு, ஒரு பிரதியை பிராய்டுக்கே அனுப்பினார். துணிச்சல்தான். பதில் வந்தது. 1937 வரை கடிதங்கள் போய் வந்தன. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

1922ல் பார்சிபாகன் சந்து 14ஆம் எண், போஸின் சொந்த வீட்டில் சங்கம் பிறந்தது. இதில் ஒரு வேடிக்கை. பிறர் மனத்தைப் பகுத்துப் பார்க்க வருகிறவர், முதலில் இன்னொருவரிடம் தன் மனத்தைத் திறந்து காட்டியிருக்க வேண்டும் என்பது உளப்பகுப்பாய்வுத் துறையின் சம்பிரதாயம். போஸ் யாரிடம் போவார்? ஊரிலேயே முதல் ஆள் அவர்தான். தன்னைத் தானே பகுத்துக்கொண்டார். பிறகு மற்றவர்களைத் தயார் செய்தார். குருவே இல்லாத குரு.

அவருடைய வைத்திய முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆசைக்கும் நேர் எதிரான ஓர் ஆசை உள்ளே பதுங்கியிருக்கிறது என்பது போஸின் கட்சி. அடிக்க நினைக்கிறவனுக்குள் அடிபட நினைக்கிறவனும் இருக்கிறான். உதாரணத்துக்கு, மேலதிகாரி எல்லார் முன்னாலும் திட்டிவிடுவாரோ என்று ராத்திரி தூக்கம் வராமல் புரளும் ஒரு குமாஸ்தாவை வைத்துக்கொள்வோம். பிராய்டின் சீடராக இருந்தால் அவரைப் படுக்கவைத்து, வாயில் வருவதையெல்லாம் சொல்லச் சொல்லிக் காத்திருப்பார். போஸ் காத்திருக்க மாட்டார். “இப்போது நீங்கள்தான் அதிகாரி. எதிரே அவர் கைகட்டி நிற்கிறார். திட்டுங்கள் பார்ப்போம்” என்கிற ரீதியில் இடத்தை மாற்றிவிடுவார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம், கொஞ்ச நேரம் இந்தப் பக்கம். அவரே இதைச் சீசா பலகைக்கு ஒப்பிட்டார். இரண்டு முனையிலும் உட்கார்ந்து பார்த்தவனுக்கு எந்த முனையும் பயம் காட்டாது என்பது கணக்கு.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. இது நோயாளியைக் கேட்பதா, நோயாளிக்குப் பாடம் நடத்துவதா? போஸின் ஆலோசனை அறைக்குள் வகுப்பறையும் புகுந்துவிட்டதாகவே தோன்றுகிறது. ஆனால் நம் பக்கத்தில் மனக்கஷ்டத்தோடு வருகிறவர் எதிரே இருப்பவரிடம் வார்த்தையை எதிர்பார்த்துத்தான் வருகிறார். மௌனமாக உட்கார்ந்திருந்தால் அடுத்த வாரம் வரமாட்டார். போஸுக்கு இது தெரிந்திருக்கும்.

அதே வகுப்பறைத் தைரியத்தோடு 1929ல் பிராய்டிடமே மல்லுக்கு நின்றார். ஆண்குறியை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் ஆண்பிள்ளையின் மனத்தை ஆட்டிவைக்கிறது என்பது பிராய்டின் சித்தாந்தம். என் இந்திய நோயாளிகளிடம் அந்தப் பயம் ஐரோப்பியர்களிடம் உள்ள அளவுக்கு இல்லை, பெண்ணாக இருக்கும் ஆசைதான் சுலபமாக வெளியே வருகிறது என்று எழுதினார் போஸ். பிராய்ட் மரியாதையாகவே மறுத்தார்: எதிர் ஆசை என்பது வெறும் வடிவம், அதில் உந்துவிசை இல்லை; அந்தப் பயத்தை நீங்கள் குறைத்து எடைபோடுகிறீர்கள் என்று. போஸ் அசையவில்லை. கடிதமும் நிற்கவில்லை.

வகுப்பு, சங்கம், நோயாளிகள் போக எழுத்தும் உண்டு. கனவுகளைப் பற்றி வங்காளியில் ‘ஸ்வப்ன’; சிவப்பெறும்பும் கறுப்பெறும்பும் சண்டை போடும் குழந்தைக் கதை ‘லால் காலோ’. அண்ணன் ராஜசேகர் போஸ், ‘பரசுராம்’ என்ற பெயரில் வங்காளத்தையே சிரிக்கவைத்தவர். 1940ல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்க இடம் கொடுத்ததும் அந்த அண்ணன்தான். 1953ல் போஸ் காலமானார்.

பெருமாள் கதை பாக்கி இருக்கிறதே. பிராய்ட் அவரை மேஜையில் கௌரவமான இடத்தில் வைத்தார். கொஞ்ச காலத்தில் தந்தத்திலும் மரப்பீடத்திலும் விரிசல் விட்டது. கல்கத்தாவுக்குப் பழகிய சாமிக்கு வியன்னாவின் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பிராய்ட் குறித்து வைத்தார். 1938ல் நாஜிகளுக்குத் தப்பி பிராய்ட் லண்டன் போனபோது அவருடைய சிலைகளும் போயின. விரிசல் விட்ட பெருமாள் இன்றும் அங்கேதான், பிராய்ட் அருங்காட்சியகத்தில்.

அடுத்த வாரம் ராஞ்சி. போஸின் சங்கத்தில் சேர்ந்த ஒரு வெள்ளைக்கார மனநல டாக்டரைப் பார்க்கப் போகிறோம்.