வழுவழு மேசையின் ரகசியம்



புதுசா வார்னிஷ் அடித்த மேசை சில சமயம் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கும். சில சமயம் ரவையைத் தூவின மாதிரி நறநறன்னு இருக்கும். இரண்டுக்கும் ஒரே மரம், ஒரே வார்னிஷ்தான். வித்தியாசம் தூசியில் இருக்கிறது.

எங்கள் பெரியப்பா தச்சு வேலை செய்கிறார். லீவு நாளில் பட்டறையில் அவருக்குக் கூடமாட வேலை செய்வேன். ஒரு மேசையை அறுத்து, இழைத்து, பூட்டி முடிக்க அவருக்கு ஆறு நாள் ஆகும். வாங்க வருகிறவர்கள் மூட்டையெல்லாம் பார்ப்பதில்லை, மேலே தடவித்தான் பார்க்கிறார்கள். கையில் நறநறன்னு பட்டால் உடனே விலையைக் குறைத்துக் கேட்பார்கள். ஆறு நாள் கூலியும் கடைசி நாள் வேலையில்தான் இருக்கிறது!

தூசி ஏன் ஒட்டுகிறது?

வார்னிஷ் பூசியதும் முதலில் அதிலுள்ள தின்னர் ஆவியாகும். பிறகு அதிலுள்ள எண்ணெய், காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். அதுவரை பிசுபிசுன்னுதான் இருக்கும். அந்த நேரத்தில் விழுகிற தூசி அப்படியே மாட்டிக்கொள்ளும்.

அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பாலிஷ் அப்படி இல்லை. ஸ்பிரிட் சீக்கிரம் ஆவியாவதால் சில நிமிஷத்தில் காய்ந்துவிடும். தூசிக்கு உட்கார நேரமே கிடைக்காது. ஆனால் அதன் மேல் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதனால் சாப்பாட்டு மேசைக்கு வார்னிஷ்தான் ஏற்றது.

செய்முறை

1. உப்புத்தாளில் 80, 120, 180, 220 என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும். எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். நடுவில் ஒரு எண்ணைத் தாண்டினால் பழைய கீறல் போகாது. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கணும். குறுக்கே தேய்த்த கோடு இப்போ தெரியாது, வார்னிஷ் பட்டதும் பளிச்சுன்னு தெரியும்.

2. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால், படுத்திருந்த மர இழைகள் எழுந்து நிற்கும். அவற்றை 220 தாளால் லேசாகத் தேய்த்து எடுத்துவிடலாம்.

3. தேய்த்த இடத்திலேயே உடனே பூசக் கூடாது. பறந்த மாவு மெதுவாகத்தான் கீழே இறங்கும். அன்றைக்குக் கூட்டி, தரையைத் துடைத்துவிட்டு, மறுநாள் காலையில் பூசலாம். ஃபேன் போடக் கூடாது. பூசுகிறவர் சட்டையிலும் தூள் இருக்கும், அதையும் மாற்றணும்!

4. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அது வார்னிஷைக் காய விடாது. முதலில் தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும்.

5. வார்னிஷ் டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும். குச்சியால் மெதுவாகக் கலக்கி, மெல்லிய துணியில் வடிகட்டணும். வெயிலில் வைத்துப் பூசினாலும் குமிழி கிளம்பும். நிழல்தான் சரி.

6. மெல்லிசாக மூன்று பூச்சு போதும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு 320 தாளால் லேசாகத் தேய்க்கணும். வெள்ளை மாவு உதிர்ந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தாளில் பிசின் மாதிரி அப்பினால் இன்னும் காயவில்லை. மாவைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு.

"ஏன் பெரியப்பா, ஒரே தடவையா தடிமனாப் பூசினா என்ன?" என்று கேட்டேன். "மேல ஆடை கட்டிடும், அடியில காயாதுடா. பதறாத காரியம் சிதறாது" என்றார்.

கவனம்! கவனம்!

தூசி மேசைக்கு மட்டும் எதிரி இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மரத்தூளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நைசான தூளைத் துண்டோ கைக்குட்டையோ முழுசாகத் தடுக்காது. நல்ல முகக்கவசம் வேண்டும். பெரியப்பா பல வருஷம் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டுதான் தேய்த்தார். இப்போது நான் ஞாபகப்படுத்தாமலே கவசம் போட்டுக்கொள்கிறார்.

இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க. எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைக்க வேண்டும்.

வீட்டில் பழைய முக்காலி இருந்தால், பெரியவங்க துணையோடு இந்த லீவில் செய்து பாருங்க. சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் என்னைக் கேளுங்க.

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு