எலும்பின் கதை – 6: மணிக்கட்டில் ஓர் இடைவெளி

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் வழியில் இருக்கும் திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயிலுக்குத் தல விருட்சம் மூங்கில். மூங்கில் குருத்து மண்ணைப் பிளந்து வெளியே வரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடும். பிறகு கணுவுக்குக் கணு நீளுமே தவிர, தடிக்காது. நம் தொடை எலும்பும் உள்ளே குழலாக இருக்கும் தண்டுதான். ஆனால் அதன் வளர்ச்சி வேறு தினுசு. நீளம் இரண்டு முனைகளில் மட்டுமே கூடும். பருமனோ வெளிப்பக்கம் அடுக்கடுக்காகப் படிந்து கூடும். வெளியே எலும்பு ஏற ஏற, உள்ளே எலும்பைத் தின்னும் செல்கள் குடைந்துகொண்டே போகும். தடிக்கும் எலும்பு அதே கணக்கில் கனத்துப் போகாமலிருப்பதும், மஜ்ஜைக்கு இடம் கிடைப்பதும் இதனால்தான்.

முனையில்தான் நீள்கிறது என்பதை முதலில் காட்டியவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் 1727இல் செடிகளின் வளர்ச்சி பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்கிடையில் ஒரு கோழிக்குஞ்சும் வருகிறது. அதன் கால் எலும்பில் அரை அங்குலம் தள்ளி இரண்டு சிறு துளைகள் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு நடுவே மட்டும் அதே அரை அங்குலம்.

அடுத்த துப்பு கிடைத்தது சாப்பாட்டு மேசையில். துணிக்கு அச்சுச் சாயம் போடும் ஒருவர் வீட்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர் விருந்துக்குப் போனார். பரிமாறிய பன்றி இறைச்சியில் எலும்பு சிவப்பாக இருந்தது. விசாரித்தால், பட்டறையில் சாயத் துணியைச் சுத்தம் செய்த தவிட்டைப் பன்றிக்குத் தீனியாகப் போட்டிருக்கிறார்கள். மஞ்சிட்டிக்கு உறவான மேடர் வேரின் சாயம் அந்தத் தவிட்டில் ஏறியிருந்தது. 1736இல் பெல்ச்சியர் இதை எழுதி வெளியிட்டார். பிரான்ஸில் துஹமேல் என்ற ஆய்வாளர் விலங்குகளுக்குச் சாயத் தீனியையும் சாதாரணத் தீனியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். எலும்பைக் குறுக்கே வெட்டினால் சிவப்பும் வெள்ளையுமாக வளையங்கள். புதிதாக உருவாகும் எலும்பு மட்டுமே சாயத்தை வாங்கிக்கொள்கிறது என்பது உறுதியானது. கும்மிடிப்பூண்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழவேற்காட்டுக்கும் இதில் ஒரு தூரத்து உறவு உண்டு. டச்சுக்காரர்கள் அங்கிருந்து கப்பலேற்றிய சோழமண்டலத் துணிகளுக்குச் சிவப்பேற்றியது நம் சாயவேர். அதிலும் மேடரிலும் இருப்பது அலிசரின் என்ற அதே சாயப்பொருள்தான். ஐரோப்பிய அச்சுப் பட்டறைகள் தொழில் தொடங்கியதே நம் கரைத் துணிகளைப் பார்த்து.

முனையில் நடப்பது என்ன? அங்கே குருத்தெலும்பாலான மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. வளர்தட்டு என்பார்கள். அதன் செல்கள் பெருகி, வரிசை கட்டி, உப்பி மடியும் இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பு உருவாகும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. அதனால் வளர்தட்டு ஒரு கறுத்த இடைவெளியாகத் தெரியும். வளர்ச்சி முடிந்தால் இடைவெளி மூடிக்கொள்ளும். மூடவைப்பது ஈஸ்ட்ரோஜென், ஆண்களுக்கும் கூட. ஈஸ்ட்ரோஜெனை உணர முடியாத உடலோடு பிறந்த ஒருவரைப் பற்றி 1994இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அவருக்கு 28 வயது, உயரம் 204 செ.மீ. அப்போதும் அவர் வளர்ந்துகொண்டிருந்தார்.

மணிக்கட்டு எக்ஸ்ரேயை வயதுச் சான்றாக்கியது இந்த இடைவெளிதான். 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டப்படி 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றிருந்தது. 14 முதல் 18 வரை இருப்பவர்களுக்குச் சான்று வழங்கும் மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டியிருந்தது. காக்களூர், கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளுக்கும் இதே சட்டம்தான் இருந்தது. செங்கல் சூளைக்கு வெளிமாநிலத்திலிருந்து குடும்பத்தோடு வரும் பிள்ளையிடம் பிறப்புச் சான்று இல்லையென்றால், கடைசியில் எலும்பைத்தான் கேட்பார்கள்.

எலும்பு சொல்வது முதிர்ச்சியை. பிறந்த தேதி அதற்குத் தெரியாது. உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் கிரூலிச்–பைல் படத்தொகுப்பு 1950இல் வந்தது. அதில் இருப்பவை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வீட்டுக் குழந்தைகளின் கைகள். நம் தடயவியல் பாடநூல்கள் கால்ஸ்டான் 1937இல் இந்தியர்களிடம் செய்த ஆய்வை இன்னும் மேற்கோள் காட்டுகின்றன. அரைவயிற்றோடு வளர்ந்த பிள்ளையின் எலும்பு வயதுக்குப் பின்தங்கும். சீக்கிரம் பருவமடைந்த பெண்ணின் எலும்பு முந்திக்கொள்ளும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் ஆபத்து. பதினாறு வயதுப் பெண்ணை எக்ஸ்ரே பெரியவளாக்கிவிட்டால், குழந்தை என்பதற்காகச் சட்டம் தரும் பாதுகாப்பு முழுவதும் அவள் கையை விட்டுப் போகும்.

நீதிமன்றங்களுக்கு இது தெரியாததல்ல. எலும்புச் சோதனை முன்னே பின்னே இரண்டு வருடம் பிசகலாம் என்று 1982இலேயே ஜெயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94ஆம் பிரிவில் வரிசையே போட்டுக் கொடுத்திருக்கிறது. முதலில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பொதுத்தேர்வுச் சான்றிதழ், அடுத்து உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு.

மணிக்கட்டு மூடிய பிறகும் சந்தேகம் இருந்தால் காறை எலும்பைப் பார்ப்பார்கள். கருவில் ஆறாவது வாரத்திலேயே முதலில் எலும்பாகத் தொடங்குவது அது. நெஞ்சுப் பக்க முனை மூடுவதோ எல்லாவற்றுக்கும் கடைசியாக, இருபதுகளின் நடுவில்.

அடுத்த வாரம் திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள், புத்தூர்க் கட்டு: முறிந்த எலும்பு எப்படிச் சேர்கிறது?