கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கினால்…

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த முதல் தவணை லேப்டாப்களுக்கு உயிர் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்கிய பிள்ளை படிப்பை முடித்துத் திருப்பூருக்கோ துபாய்க்கோ போயிருக்கும். வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் பீரோ மேல் துணி சுற்றிக் கிடந்த பெட்டியை இப்போது தங்கையோ அக்கா மகனோ இறக்கி, பரீட்சைக்கு விண்ணப்பம் போட உட்காருவார்கள். பாதியில் திரை அப்படியே உறைந்து நிற்கும். சிலதில் நீலத் திரை வரும். லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடி நின்று, கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு விட்டுவிட்டு மினுக்கும்.

“அண்ணே, சிஸ்டம் செத்துப்போச்சு” என்று அருப்புக்கோட்டைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்” என்று பதில் வரும். நாலு நாள் ஓடும். ஐந்தாம் நாள் மறுபடி விளக்கு மினுக்கும். போட்டோவும் சான்றிதழ் ஸ்கேனும் போனதுதான் மிச்சம்.

விளக்கு மினுக்குவது கோளாறு இல்லை, கர்னல் வேண்டுமென்றே செய்வது. ராம், டிஸ்க், பிராசசர் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் நிரல்தான் கர்னல். தன் கணக்கில் நடக்கக்கூடாத ஒன்று நடந்ததாகத் தெரிந்தால், தவறான தகவலை டிஸ்கில் எழுதித் தொலைக்காமல் இருக்க அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அதன் பெயர் கர்னல் பானிக். திரை செத்துக் கிடந்தாலும் கண்ணில் படட்டும் என்றுதான் அந்த விளக்கு. அந்த நேரத்தில் பவர் பட்டனை அமுக்காதீர்கள். செல்போனில் திரையைப் படமெடுங்கள். கர்னல் விழுந்த கணத்தின் தகவல் பெரும்பாலும் டிஸ்கில் பதிவாவதில்லை, திரையில் இருப்பதுதான் சாட்சி. 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 இதையே கியூ.ஆர். கோடாகக் காட்டும் வசதியோடு வந்தது. விண்டோஸில் இந்தத் தொல்லை குறைவு. மினிடம்ப் என்ற ஃபோல்டரில் பதிவு கிடக்கும்.

நாலைந்து படம் சேர்ந்ததும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே பெயர், ஒரே இடம் என்றால் டிரைவரையோ (ஒரு பாகத்தை இயக்கும் நிரல்) கர்னலையோ சந்தேகிக்கலாம். ஒரு நாள் வைஃபை, மறுநாள் டிஸ்க், அடுத்த நாள் சும்மா இருக்கும்போதே என்று இடம் மாறி மாறி விழுந்தால் உள்ளே ஏதோ வன்பொருள் கெட்டிருக்கிறது. முதல் குற்றவாளி ராம்.

இதில் பெரிய ஆட்களும் ஏமாந்திருக்கிறார்கள். 2022 அக்டோபரில் லினஸ் டோர்வால்ட்ஸின் சொந்தக் கணினியில், எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கண்ட இடத்தில் எல்லாம் முறிந்தது. லினக்ஸ் கர்னலை எழுதியவரே முதலில் கர்னலைத்தான் சந்தேகித்தார். கடைசியில் பார்த்தால் இரண்டரை ஆண்டு சீராக ஓடிய ஒரு ராம் கட்டை கெட்டிருந்தது. இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டித்தான் உறுதி செய்தார்.

அந்த மெம்டெஸ்ட்86+ இலவசம். பென்டிரைவில் ஏற்றிப் போட்டால் விண்டோஸ், லினக்ஸ் எதுவும் இல்லாமலே ஓடும். இரவு போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அந்த ராமை நம்ப முடியாது. ஆனால் உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். கரிசல் தூசும் கரிமூட்டப் புகையும் உள்ள ஊரில் பாதி நேரம் குற்றம் ராமில் இல்லை, அது உட்காரும் இடத்தில் இருக்கும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பின்மூடியைத் திறந்து, இரு பக்கக் கொக்கியையும் விலக்கினால் ராம் சாய்வாக எழும்பும். அதன் பொன்னிறப் பற்களை பென்சில் அழிப்பான் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மறுபடி பொருத்துங்கள். பிறகு இன்னொரு இரவு மெம்டெஸ்ட். அப்போதும் பிழை வந்தால் பழைய டி.டி.ஆர்.3 ராம் ஒன்று வாங்கிப் போடலாம். செகண்ட்ஸ் கடைகளில் கிடைக்கிறது.

மூடி திறந்த கையோடு ஃபேனையும் பாருங்கள். ஹீட் சிங்க் வாயில் தூசு கம்பளி மாதிரி அடைத்திருக்கும். ஆனால் சூட்டால் விழுகிற கணினி பெரும்பாலும் செய்தி எதுவும் காட்டாமல் பட்டென்று அணைந்துபோகும். எழுத்தோடு உறைவது வேறு, சொல்லாமல் அணைவது வேறு. இதைக் குழப்பித்தான் பலர் தெர்மல் பேஸ்ட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

பேட்டரி செத்துப்போய் சார்ஜரில் மட்டுமே ஓடும் லேப்டாப்புக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கரண்ட் போனால் அது அந்த நொடியே அணையும். கர்னல் அப்டேட் நடக்கிற நேரத்தில் அப்படி அணைந்தால், அடுத்த முறை ‘ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை’ என்று பானிக் வரும். இது வன்பொருள் கோளாறு இல்லை. தொடக்க மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், அப்டேட்டை மறுபடி செய்தால் போதும்.

டிரைவர் கதையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2013 வாக்கில் வந்த இன்டெல் பே டிரெயில் வகை செலரான் பிராசசர்கள் லினக்ஸில் காரணமே தெரியாமல் உறைந்தன. பிராசசரை ஆழ்ந்த உறக்கநிலைக்குப் போகவிடாமல் தடுக்கும் ஒரு கட்டளையைத் துவக்க வரியில் சேர்த்துப் பயனர்கள் ஆண்டுக்கணக்கில் சமாளித்தார்கள். அந்தக் கணினிகளில் எத்தனை ஃபார்மட் போட்டும் பலன் இருந்திருக்காது.

பழைய பெட்டிக்கு எந்த ஓ.எஸ். என்பதும் இப்போது சிக்கல்தான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இவற்றை ஏற்காது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. 64 பிட் பிராசசராக இருந்தால், எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, 2 ஜி.பி.யை 4 ஆக்கினால் விண்ணப்பம் போடவும் பாடம் பார்க்கவும் தாராளம்.

கடையில் கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்கில் உள்ளதை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “ராம் பார்த்தாச்சா, டிஸ்க் பார்த்தாச்சா?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்த பிறகு ஃபார்மட்டுக்குச் சம்மதித்தால் போதும்.