கூலிக் கணக்கு – 9: கடைசி நாளில் பிரியும் நோட்டு

எங்கள் சித்தி 22 வருடம் அண்டியாபீசுக்குப் போனவர். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் முந்திரி ஆலைக்கு அதுதான் பெயர். அண்டி தல்லும், அதாவது கொட்டையை உடைக்கும், பெண்களின் விரல்களில் கறை ஏறி, தோல் வெந்து உரியும். சித்தி தோல் நீக்கும் பிரிவில் இருந்தார். கிலோக் கணக்கில் கூலி.

2006-ல் மகள் கல்யாணத்துக்கு முதலாளி 30,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தார். வட்டியைப் பற்றி அன்றைக்குப் பேச்சே எழவில்லை. வெற்றுத்தாளில் ஒரு ஒப்பு, அதாவது கையெழுத்து, மட்டும் வாங்கிக்கொண்டார். அதன்பின் வாராவாரம் கூலியில் நூறு ரூபாய் குறைந்தது. அது எந்த நோட்டில் ஏறியது என்று சித்தி கேட்டதில்லை.

2012-ல் முட்டுவலி தாங்காமல் வேலையை விட்டார். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, வர வேண்டும். நாளுக்குச் சராசரி 150 ரூபாய், வருடத்துக்கு 15 நாள் கூலி, 22 வருடம்: 49,500 ரூபாய். முதலாளி நோட்டைப் பிரித்தார். கடனும் வட்டியுமாக 46,000 நிற்கிறதாம். மீதி 3,500 ரூபாயைக் கையில் தந்தார். வாராவாரம் பிடித்த நூறு ரூபாய்கள் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

"நீங்க ஏன் கேக்கல்ல?" என்றேன்.

"கல்யாணத்துக்கு ஓடிப்போய்க் கேட்டப்ப மறுபேச்சு இல்லாம எடுத்துத் தந்த மனுசன் மக்கா. அவருட்ட எப்பிடிக் கணக்கு கேக்க?"

இந்தப் பதில்தான் என்னை இந்த அத்தியாயத்தை எழுத வைத்தது. கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் சித்திக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கடன் கொடுத்தவரே கூலி கொடுப்பவராகவும், எவ்வளவு பாக்கி என்று தீர்ப்புச் சொல்பவராகவும் இருக்கும்போது, நன்றி வாயை அடைத்துவிடுகிறது.

தமிழ்க் கூலிகளுக்கு இது பழைய கதை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டது. இவ்வளவு பணம் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கொடுத்து ஆட்களை எடுக்கும். தோட்டம் மாறினாலும் கடன் கூடவே போகும். 1921-ல்தான் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது.

இந்தியாவில் 1936-ல் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் வந்தது. எதற்கெல்லாம் கூலியில் பிடிக்கலாம் என்று அதன் 7-ஆம் பிரிவு பட்டியல் போட்டது. பட்டியலில் இல்லாததற்குப் பிடிக்கக் கூடாது. முன்பணத்தைப் பிடிக்க இடமிருந்தது. அதற்கும் உச்சவரம்பு இருந்தது: எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பொதுவாகக் கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். இந்தச் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளியே எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது என்றது அந்தப் பிரிவு. வெற்றுத்தாள் ஒப்புகளை மனதில் வைத்தே எழுதியது போலிருக்கும்.

பணிக்கொடைக்குக் காவல் இன்னும் பலமாக இருந்தது. 1972-ஆம் வருடச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றக்கூட அந்தப் பணத்தை அன்று ஜப்தி செய்திருக்க முடியாது. தொழிலாளி முதலாளியின் சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வேலையிடத்தில் வன்முறை, பணியின்போது ஒழுக்கக்கேடான குற்றம் ஆகிய காரணங்களுக்காக வேலை நீக்கம் செய்தால் மட்டுமே அதைப் பிடித்துவைக்க இடமிருந்தது. கல்யாணக் கடன் அந்த வரிசையில் இல்லை. நீதிபதியே கை வைக்க முடியாத பணத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கை வைத்திருக்கிறது.

கடனை வசூலிக்க முதலாளிக்கு உரிமையியல் நீதிமன்றம் திறந்தே இருந்தது. அங்கே போனால் கடனுக்கு ஆதாரம் காட்ட வேண்டும், வட்டி பேசியதை நிரூபிக்க வேண்டும், பிடித்த நூறு ரூபாய்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடன் எழுத்துமூலம் புதுப்பிக்கப்படாமல் கிடந்திருந்தால் மூன்று வருடத்தில் காலாவதியும் ஆகிவிடும். நோட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய ஊதியச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேலையை விட்டாலும், நீக்கப்பட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் கூலிப் பாக்கியைக் கொடுக்க வேண்டும். பிடித்தத்துக்குப் பாதி என்ற வரம்பு அதிலும் உண்டு. முறையிட முன்பு 12 மாதம்தான் இருந்தது, இப்போது மூன்று வருடம். இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். வேலையை விட்ட பெண் வீட்டில் உட்கார்ந்து யோசித்து, யாரிடமாவது விசாரித்து, தைரியம் வந்து பஸ் ஏறி முறையிட நாகர்கோவிலுக்குப் போகவே ஒரு வருடம் ஓடிவிடும்.

இதையெல்லாம் சித்தியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய், துணிக்கடைப் பைக்குள் மடித்து வைத்திருந்த பழைய கூலிச் சீட்டுகளை எடுத்து வந்து திண்ணையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் கீழே, பிடித்தம் என்ற இடத்தில், பேனாவால் 100 என்று எழுதியிருந்தது. நாங்கள் எண்ணத் தொடங்கினோம்.

(அடுத்த வாரம்: கடற்கரையில் படகு முன்பணம்)